மாடியில் நின்ற தண்ணீர்

காலி வாளியோடு மாடியேறி வந்த அய்யம்மாள் அத்தையை ஓவியா பாத்ரூம் வாசலிலேயே மறித்தாள்.

"இங்கன மட்டும் வேணாம்த்தே."

அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு ஆண்கள் அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தார்கள். பிணம் எடுத்த வீட்டில் பழைய தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், அண்டா, சமையலறை டிரம் எல்லாம் கவிழ்த்தாகிவிட்டது. மிச்சம் இந்த மாடி பாத்ரூம்தான். டைல்ஸ் இல்லாத தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

"எங்கண்ணே போயிட்டான், அவன் வீட்டுல தண்ணி தேங்கி நிக்கிது. ஊரு என்ன பேசும்? தள்ளுத்தா."

"நாளைக்குக் காலையில நானே தெறந்துவிடுறேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு வடியக் கூடாது. அப்பா சொன்னாக."

நேர் கீழே அம்மாவின் அறை. டைல்ஸ் இடுக்கில் இறங்கிய தண்ணீர் சீலிங்கை ஊறவைத்து, சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்து, அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அப்பாவும் சளைக்காமல் தீபாவளிக்குத் தீபாவளி கீழேயிருந்தே பெயின்ட் அடித்தார். பொங்கலுக்குள் அது உரிந்து கட்டிலில் விழும். அறையை மாற்றுங்கள் என்ற டாக்டரிடம், "அவள எதுக்கு நகத்தணும்? தண்ணிய நகத்துறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாத்ரூமை ஒரு மாதம் பூட்டிக் காயவிட்டார். பிறகு டைல்ஸை மொத்தமாகப் பெயர்த்து, பைப்பைச் சுற்றி இருந்த இடுக்கை அடைத்து, தரையிலும் சுவரில் முழங்கால் உயரத்துக்கும் வாட்டர்ப்ரூஃப் பூசினார். ஓவியாதான் கலக்கிக் கொடுத்தாள். நேற்றுக் காலை வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பினார்.

"ரெண்டு நாள் நிக்கட்டும். கீழ ஈரம் வரலைன்னாத்தான் டைல்ஸு. மூடிட்டா அப்பறம் என்னத்தப் பாக்குறது?"

இன்று விடியலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அத்தை வாளியை ணங்கென்று வைத்தாள். "கருமாதி முடியட்டும், திருப்பி ஊத்திப் பாத்துக்கிட்டாப் போச்சு. தண்ணிக்கா பஞ்சம்?"

"ஊத்தலாம். ஆனா அது நான் ஊத்துனதா இருக்கும்."

கீழே படியடியில் அம்மாவின் மூச்சு இரைப்பது கேட்டது.

"இருக்கட்டும் அய்யம்மா. அவுக ஊத்துனது. காலையில பாப்போம்."

"என்னமோ பண்ணுங்க மதினி. ஆத்தாளும் மகளும் ஒண்ணு சேந்துட்டீக." அத்தை வாளியைத் தூக்கவில்லை.

ஓவியாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அப்பா பூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

காலையில் தம்பி சசிதரன் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பியதும், ஓவியா கட்டில்மேல் ஏறி சீலிங்கை விரலால் அழுத்தித் தேய்த்தாள். சுண்ணாம்புப் பொடிதான் உதிர்ந்தது. அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமலே நின்றாள்.

"காஞ்சிருக்குத்தா," என்றாள்.

"ஈரம் வராதுன்னு எனக்குத் தெரியும்மா."

வேண்டாமென்றாலும் கேட்காமல், படிக்குப் படி நின்று அம்மாவும் மாடிக்கு வந்தாள். அத்தை அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தாள். குனிந்து வடிகால் அடைப்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள்.

"எம்புட்டு இறுக்கமா அடைச்சிருக்கான் பாரு, எருமப்பய..."

நேற்று முழுக்க ஊரையே ஏவிக்கொண்டு திரிந்த அத்தை, தண்ணீருக்குள் நின்றபடி குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஓவியாவும் இறங்கிக் கையைக் கொடுத்தாள். இருவருமாக முறுக்கி இழுத்ததும் அது பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது.

கையில் வந்தது அப்பாவின் பச்சைக்கரைத் துண்டு. அவருடைய மற்றத் துணியெல்லாம் நேற்றே சுடுகாட்டுக்குப் போய்விட்டது. தூரப் போட வேண்டியதுதான் என்று அத்தை அதை வாளிக்குள் போட்டாள்.

அம்மா குனிந்து எடுத்தாள். ஒட்டப் பிழிந்து, ரெண்டு உதறு உதறி, மொட்டைமாடிக் கொடியில் சுருக்கம் இல்லாமல் விரித்துக் காயப்போட்டாள்.