அமிர்தம்மாளுக்கு ஓர் ஒப்பாரி

"அழ வரச் சொல்றாருக்கா."

லூர்துசாமி வாசலுக்கு வெளியே நின்று, அக்காளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். இருசம்மாள் உலையை இறக்கிக்கொண்டிருந்தாள். கொதிதண்ணீர் காலில் தெறித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"யாருடா?"

"உத்திராபதிதான். அவுங்கம்மா அமிர்தம்மா காலையில போயிட்டாங்க. கல்யாணச் சாவு, ஜோரா எடுக்கணும், ஒங்கக்கா வந்து அழுதாதான் எடுப்பா இருக்கும்னாரு."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த உத்திராபதியின் முந்திரித் தோப்புக் கொட்டகையில் நாட்டு வெடிக்கு மருந்து திணிக்கும்போதுதான் இருசம்மாளின் ஒரே மகள் வெண்மதி வெந்து செத்தாள். நர்சிங் படிப்புக்கு ஃபீஸ் சேர்க்கப் போன பெண். உத்திராபதிக்குத் திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் பட்டாசு விற்க மட்டும்தான் லைசென்ஸ். வெடி செய்ய யாரும் அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் போலீஸ் வந்தபோது மனுஷன் நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, காவலுக்கு விட்ட பொண்ணு திருட்டுத்தனமா வெடி செஞ்சிருக்கு" என்றார். கேஸும் அப்படியே எழுதப்பட்டது. செத்தவள் குற்றவாளி, சாகடித்தவர் சாட்சி. இப்படியும் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடந்தது.

"வேணாங்க்கா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுறேன்."

"வரேன்னு சொல்லு."

லூர்துசாமி வாயைப் பிளந்தான். அவள் மனசில் இருப்பது அவனுக்கு எங்கே தெரியும்? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் மனுவோடு அலைந்து அலைந்து அவள் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். மகள் பெயரில் ஒட்டவைத்த திருட்டுப் பட்டத்தைத் துடைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவள் சபதம் எடுத்திருந்தாள். அதைவிடப் பெரிய நெருப்பு ஒன்றும் உள்ளே இருந்தது. அதே தோப்பில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பொன்னி ஒருநாள் தேம்பித் தேம்பிச் சொன்னது அது.

"கொட்டாய் எரிஞ்சிட்டிருக்கு சித்தி. உள்ள வெண்மதி கத்துறா. நாங்க தண்ணிக்கு ஓடுனோம். அவுரு எங்கள நிறுத்தி, பக்கத்துக் கொட்டாயில இருக்கற வெடிமூட்டய தூக்குங்கடி, போலீசு வந்துடும்னாரு. பொணம் எங்கயும் ஓடாது, மூட்ட மொதல்ல, பொணம் அப்புறம்னாரு. நான்தான் சித்தி தூக்குனேன். அவுரு வூட்டு வைக்கப்போருல கொண்டாந்து சொருவுனோம்."

பொன்னிக்கு வேலை போய்விடும் என்ற பயம். ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பயம்.

ஊர்த்தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். அமிர்தம்மாள் ஐஸ் பெட்டிக்குள் பட்டுச்சேலையோடு படுத்திருந்தாள். சொந்தபந்தம் நாற்காலியில், காலனிப் பெண்கள் பந்தலுக்கு வெளியே மண்ணில். அழுவதற்கு அவர்கள் வேண்டும், நாற்காலி மட்டும் கிடையாது.

தாசில்தார் சத்யப்பிரியாவும் இன்ஸ்பெக்டரோடு வந்திருந்தார். தோப்பு விபத்துக்குப் பிறகு தாலுகாவில் கொட்டகைகளுக்கெல்லாம் சீல் வைத்து, சாவு ஊர்வலத்தில் நாட்டு வெடி கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். இந்தத் தெருவிலோ பாடைக்கு முன்னால் எவ்வளவு சத்தமோ அவ்வளவு கௌரவம். அதனால்தான் அந்தம்மா நேரிலேயே வந்து நின்றார்.

"ஒரு ஊசிவெடிகூட கெடையாதுங்க மேடம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நான்" என்று உத்திராபதி குழைந்தார். குழைந்தபடியே மச்சானிடம் திரும்பி, "ஜீப்பு கெளம்பட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

இருசம்மாள் முந்தானையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐசுப் பெட்டிக்குள்ள அசந்து தூங்கும் எங்கம்மா,
அங்கம் கலையாம அழகாப் போற எங்கம்மா..."

கூட்டம் உச்சுக்கொட்டியது. குரலென்றால் அது குரல். உத்திராபதிகூடத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"எம்மவ போகையில கோணியில போனாம்மா,
கூட்டி அள்ளையில கொலுசுதான் மிஞ்சிச்சம்மா..."

உச்சுக்கொட்டல் நின்றது. உத்திராபதியின் துண்டு பாதியில் நின்றது.

"ஏய் இருசா, எங்கம்மாவுக்கு அழு!"

பெரிய தலை ஒன்று அவர் கையைப் பிடித்து அமர்த்தியது. தொடங்கிய ஒப்பாரியை நடுவில் நிறுத்தினால் போன உயிர் வீட்டைச் சுற்றும் என்பது இந்தத் தெருவின் நம்பிக்கை. காலனிக்காரி வாய்திறந்து பேசினால் அடிக்கலாம், அழும்போது தொடக்கூடாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்து நின்று, வீட்டின் கொல்லைப்புறத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"தோப்பு எரியையில தூக்கிவந்த வெடிமூட்ட
ஒன் தலமாட்டுப் போருக்குள்ள ஒளிஞ்சிருக்கு எங்கம்மா!
ஒத்தப் பொறி பட்டா ஊரே எரியுமம்மா!"

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! முதலில் எழுந்தது அந்த வீட்டின் கடலூர் மாப்பிள்ளை. பீடியை வீசி எறியப் போனவன், எறியப் பயந்து அதைச் செருப்பில் தேய்த்துவிட்டு ஓடினான். நாற்காலிகள் கவிழ்ந்தன. ஐயோ அம்மா என்று புரண்டு அழுத மகள்கள் ஆளுக்கொரு திசையில் ஓட, அமிர்தம்மாள் பந்தலுக்குள் தன்னந்தனியாகக் கிடந்தாள்.

போலீஸார் கொல்லையிலிருந்த வைக்கோல்போரைக் கலைத்தார்கள். வைக்கோலுக்கடியில் வெள்ளைச் சாக்குகள் வரிசையாக இருந்தன.

"இது யாருது?" என்றார் சத்யப்பிரியா.

உத்திராபதிக்குப் பழகிய வாயல்லவா, சட்டென்று வந்தது பதில். "அந்த வெண்மதிப் பொண்ணு வச்சிருக்கும் மேடம்."

"அடப்பாவி!" இருசம்மாள் அவர் எதிரில் வந்து நின்றாள். "பூட்டு போட்ட கொல்லையில, ஒன் போருல, எம்மவளா வந்து வச்சா? வெந்துட்டிருந்தவ எழுந்து வந்து வச்சாளா? சொல்லுய்யா!"

"நான்தாம்மா தூக்கியாந்தேன்." தெருவில் ஒதுங்கி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னி வந்தாள். உத்திராபதியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இவுருதான் தூக்கச் சொன்னாரு. எங்க கேட்டாலும் சொல்றேன்." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் உத்திராபதியின் தோளில் கை வைத்தார். வீட்டுக்கு வரும் கரண்டைத் துண்டித்தார்கள். கடலூரிலிருந்து நிபுணர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் வீட்டுப் பக்கமோ பந்தல் பக்கமோ போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி வேர்க்கத் தொடங்கியது.

தெருமுனையில் பதுங்கியிருந்த கடலூர் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை உதித்தது.

"மேடம், காலனி ஆளுங்க ரெண்டு பேர விட்டு பாடிய வெளிய கொண்டாந்துடலாமா?"

அந்த வீட்டுப் பாடையை இதுவரை காலனிக் கை தொட்டதில்லை. தொட விட்டதில்லை. வெடிக்கும் என்று தெரிந்ததும் தீட்டு போன இடம் தெரியவில்லை. எல்லாருடைய கண்ணும் லூர்துசாமி மேல் விழுந்தது. அவன் அக்காளைப் பார்த்தான், அசையவில்லை.

உத்திராபதி உடைந்துபோனார். "ஏ இருசா, ஒன் கால்ல வேணா வுழறேன். நீ சொன்னா ஒன் தம்பி போவான். பெத்தவளுக்குக் கொள்ளி வச்சிட்டு ஜெயிலுக்குப் போறேன். எங்கம்மாவ மட்டும் மொதல்ல எடுத்துக் குடுக்கச் சொல்லு."

இருசம்மாள் அவிழ்ந்த கூந்தலை நிதானமாக முடிந்துகொண்டாள். அமிர்தம்மாள்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அவள் மனசு இளகவில்லை, இளக விடவும் இல்லை.

"பொணம் எங்கயும் ஓடாதுய்யா. மூட்ட மொதல்ல, பொணம் அப்புறம். ஒங்க வாயால சொன்னதுதான்."

தாசில்தாரும் விதிப்படி அதுதான் முறை என்றார்.