கணுக்காலிலிருந்து மூளைக்கு

தம்பி நொண்டுவதை அக்காதான் முதலில் கவனித்தாள். தபால்காரனான அவன், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஷூவை மாட்ட முடியாமல் முகத்தைச் சுளித்தான்.

"என்னடா காலுல?"

"ஒண்ணுமில்லக்கா. செருப்பு கடிச்சிருச்சு."

"ஷூ போடுறவன எந்தச் செருப்புடா கடிக்கும்? காட்டு."

காலுறையை இறக்கினான். கணுக்காலுக்கு மேல் நான்கு பல் தடங்கள். மூன்று நாளைக்கு முன்னால், கிடங்குத் தெருவில், ஒரு பழுப்பு நாய் குரைக்காமலே வந்து கவ்வியதாம். தபால்காரனை நாய் கடித்தது என்று சொன்னால் ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

விலங்கு நோய் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக அக்கா பார்க்கும் வேலையே செத்த நாய்களின் மூளையில் வெறிநோய்க் கிருமியைத் தேடுவதுதான். அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பஸ்ஸில் ஏற்றினாள்.

"மூணு நாளாச்சு, காய்ச்சல்கூட வரலியே. எதுக்கு இப்படிப் பதறுற?"

"வந்தா எல்லாம் முடிஞ்சுதுடா. அந்த வைரஸுக்குத் தனியா ஒண்ணும் செய்யத் தெரியாது. சாப்பிடாது, வளராது. ஒரு செல்லுக்குள்ள புகுந்தாத்தான் அதுக்குப் பொழப்பு. அது மேல முள்ளு முள்ளா இருக்கும். நரம்பு நுனியில அந்த முள்ளுக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு பிடி இருக்கு. அதுல ஒட்டிக்கிட்டா, நம்ம செல்லே ஏமாந்து உள்ள இழுத்துக்கும்."

"அப்புறம்?"

"நரம்பு வழியா மேல ஏறும். செல்லோட சாமானை வச்சே தன்னை நகல் எடுத்துக்கும். மூளைக்குப் போயிட்டா..." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கணுக்கால்தானேக்கா. மூளைக்கு எம்புட்டு தூரம்!"

"அந்தத் தூரத்தை நம்பித்தான் ஓடுறேன். நரம்புக்குள்ள அது ஏறுறதுக்கு முன்னாடி மருந்து போய் மறிக்கணும்."

மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியே, கிருமியை உடனே மறிக்கும் சீரத்தை ஊசியால் ஏற்றினார்கள். தோளில் முதல் தடுப்பூசி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மறுநாளே ஆய்வகத்துக்கு ஒரு பனிப்பெட்டி வந்தது. கிடங்குத் தெருவில் செத்துக் கிடந்த பழுப்பு நாய்.

"நான் பாக்குறேன், நீ வெளிய போ," என்றார் தலைமை ஆய்வாளர் அம்மா.

"இல்லம்மா. நானே பாத்தாத்தான் மனசு நம்பும்."

நாயின் மூளைத் துணுக்கைத் தடவி ஒளிரும் சாயம் பூசிய கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். இருட்டுக்குள் பச்சைப் பொட்டுகள், வாரி இறைத்தாற்போல். நாய்க்கு வெறிநோய்தான். பதிவேட்டை அவள் தலைமை ஆய்வாளர் பக்கம் தள்ளினாள். அந்த அம்மாதான் எழுதினார்.

தம்பியிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டதும் "அப்ப அது வேற யாரையெல்லாம் கடிச்சிருக்கும்?" என்றான்.

இருவரும் கிடங்குத் தெருவுக்குப் போனார்கள். அங்கே அவனுக்குத் தெரியாத கதவு கிடையாது. முப்பத்தெட்டாவது கதவில் ஒரு தையல்காரர், கையைப் பின்னால் மறைத்தபடி, "சும்மா பல்லு பட்டுச்சு. இதுக்குப் போயி..." என்று இழுத்தார்.

தம்பி வாசலிலேயே உட்கார்ந்து தன் காலுறையை இறக்கிக் காட்டினான். "நானும் இப்படித்தான் சொன்னேன். கிளம்புங்கண்ணே."

தம்பியும் தையல்காரரும் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. வெறிநோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது; அதனால் அவன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்ப்பாள். "டிக்கெட் வாங்கிட்டுப் பாருக்கா," என்பான். சிரிப்பாள், ஆனால் தம்ளர் காலியாகும்வரை கண்ணை எடுக்கமாட்டாள்.

ஒரு வருடம் போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம் அவன் மடக்மடக்கென்று தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகுதான், இன்று அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.