சீமோன் வீட்டுக் கட்டுரை

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தவர்கள், தங்கள் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும் எனக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வேலூரில் அந்த இறையியல் கல்லூரியில் பைபிளின் புதிய ஏற்பாட்டுப் பாடம் நடத்தும் அமிர்தவள்ளி கணினியில் தன் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதியதிலேயே நல்ல கட்டுரைக்கு மூன்று மேற்கோள்தான் காட்டியது. அதில் ஒன்று அவளே தன் இன்னொரு கட்டுரையில் காட்டியது.

அப்போதுதான் ஆம்பூரிலிருந்து தம்பி அன்பரசன் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா போய்ட்டாரு."

"எப்போ?"

"இப்பதான். டீ கேட்டாரு. எட்த்துனு வர்றதுக்குள்ள..."

சரி, வர்றேன் என்றாள். கணினியை மூடிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பஸ் ஏறினாள். அழுகை வரவில்லை. பள்ளிகொண்டாவில் வரும் என்று நினைத்தாள். அங்கேயும் வரவில்லை.

அப்பா ஏசுபாதம் முப்பது வருஷத்துக்கு மேல் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். மறுநாள் அடக்க ஆராதனையில் இளம் போதகர் தமிழ்வேந்தன் பிரசங்கித்தார்.

"யோப்பாவுல பேதுரு யார் வீட்ல தங்கினாரு? தோல் பதனிடற சீமோன் வீட்ல. செத்த மிருகத்தைத் தொடற கை, நாத்தமடிக்கிற வீடுன்னு ஊரே ஒதுக்கின வீடு. எதையும் தீட்டுன்னு சொல்லாதேன்னு தரிசனம் வந்தது அப்புறம்தான். அதுக்கு முன்னாடியே பேதுரு அந்த வீட்டுச் சோறு தின்னுட்டாரு. அந்த வீடுதான் அவருக்குப் பாடம்."

அது அமிர்தவள்ளியின் கட்டுரை. வாதம் மட்டுமல்ல, அடுக்கிய வரிசைகூட அவளுடையது. பெஞ்சுகளில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவள் முன்வரிசையில் கையை மடியில் வைத்தபடி, வேறு யாருடைய அப்பாவுக்கோ நடக்கிற ஆராதனைக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் போதகர் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்தார்.

"அக்கா, நீங்க காலேஜ்ல இருக்கீங்க இல்ல? அந்த சீமோன் விஷயம் அமெரிக்காக்காரர் ஒருத்தர் எழுதின புக்ல இருக்குது. கெடச்சா படிங்க, அருமையா இருக்கும்."

"படிக்கிறேன் பாஸ்டர்."

அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரியும். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், அவள் பெயரைப் போட்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் அதே பிழையோடு எழுதினார்கள். இல்லாத ஒருத்தியின் கணக்கில் மேற்கோள்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

போதகர் போனதும் அன்பரசன் கிட்டே வந்தான்.

"இன்னாக்கா, அது நீ எழுதினதுதானே? அப்பாகிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருந்தே. நம்ம வீட்டுக் கதைன்னு அவரும் தோஸ்துங்ககிட்ட பீத்திக்குவாரு. பாஸ்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி?"

அவன் நாற்காலிகளை மடக்கப் போனான்.

வேலூர் திரும்பியதும், கூட வேலை செய்யும் ஜாஸ்மின் பெயர்ப் பிழை விஷயம் கேட்டுப் பதறினாள். "அந்த மேற்கோள் கணக்கு சைட்டுக்கு ஒரு மெயில் போடுங்க, திருத்திடுவாங்க. எல்லாம் உங்க பேர்ல வந்துடும். அது வந்தா போஸ்ட் உங்களுக்குத்தான்." தானும் அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தும் அப்படிச் சொன்னாள். அமிர்தவள்ளி மெயிலை எழுதினாள். அனுப்பவில்லை. கோபமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. எழுதியது அப்படியே கிடந்தது. மூன்று என்றே கணக்குக் கொடுத்தாள்.

பதவி ஜாஸ்மினுக்குக் கிடைத்தது. கேக் வெட்டினார்கள். அமிர்தவள்ளி ஒரு துண்டு தின்றாள், நன்றாகத்தான் இருந்தது.

அந்த சனிக்கிழமை ஆம்பூர் போனபோது அன்பரசன் கேட்டான்: "அப்பா கல்லறைக்குக் கல்லு வெக்கணும்க்கா. பேரு, வருஷம் போட்டுட்டாங்க. கீழ ஒரு வசனம் கேக்கறாங்க. நீ சொல்லு."

கிரேக்கத்திலும் தமிழிலுமாக இருபது வருஷம் படித்த வேதப் புத்தகம். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வசனமும் வரவில்லை.

"உனக்குப் புடிச்சதைப் போடுடா" என்றாள்.