பின்னால் பார்க்கும் பாதம்

டாக்டர் கிருஷ்ணப்பா ஒரு வெள்ளைத் தாளில் கால் ஒன்றை வரைந்தார். தொடை, முட்டி, கெண்டைக்கால், பாதம். பிறகு முட்டிக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கோடு போட்டு, நடுத்துண்டை அடித்துவிட்டார். பக்கத்திலேயே இன்னொரு படம். இதில் கெண்டைக்கால் மேலே ஏறித் தொடையோடு சேர்ந்திருந்தது. பாதம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வீணாவுக்குப் படம் வரையத் தெரியாது; ஆனால் தப்பாக வந்த ஒன்றைப் பார்த்தால் தெரியும். பதினெட்டு வருஷமாக கார்மெண்ட்ஸில் செக்கர் வேலை. தைத்து வருகிற பேண்ட்டை விரித்துப் போட்டு, எங்கே நூல் விட்டிருக்கிறது, எந்தக் கால் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் தைத்த பீஸ் வந்தால் அவள் சத்தம் லைன் முழுக்கக் கேட்கும்.

"கால திருப்பி வெச்சா தைப்பீங்க?" என்றாள்.

"நோடம்மா," என்றார் டாக்டர். அவர் தமிழ் பேசினாலும் கன்னடம் முன்னால் வந்து நிற்கும். "கணுக்கால் இருக்கல்ல, அதான் இனிமே முட்டி. அதுக்குக் கீழ செயற்கைக் கால் மாட்டினா ஓடலாம், பந்து ஆடலாம். இன்னொரு வழி, முட்டி இருந்த எடத்துல உள்ள ஸ்டீல் வெக்கறது. வெளிய பாத்தா கால் மாதிரியே இருக்கும். நடக்கலாம், ஆனா ஓடக் கூடாது. கேன்சருக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த சுனிதா குல்லாவைச் சரிசெய்துகொண்டாள். பதினாறு வயது. மூன்று மாத மருந்தில் புருவம்கூட உதிர்ந்திருந்தது. "திருப்பிடுங்க சார்," என்றாள், ஓட்டலில் தோசையைத் திருப்பிப் போடச் சொல்கிற மாதிரி.

ஜூலையில் வலி ஆரம்பித்தபோது அது சுளுக்கு என்றுதான் வீணா சொன்னாள். ஃபுட்பால் ஆடுகிற பிள்ளைக்கு முட்டி வலிக்காமல் காதா வலிக்கும்? ஜீவனஹள்ளி மைதானத்தில் வலது ஓரத்தில் அவள் பந்தோடு கிளம்பினால் பையன்களே வழி விடுவார்கள். மாநில முகாமுக்கான பட்டியலில் பெயர் வந்த வாரம் அது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீணா எண்ணெயைச் சூடு பண்ணி அழுத்தித் தேய்த்துவிட்டாள், இரண்டரை மாதம். விரலுக்கடியில் கெட்டியாக ஏதோ இருந்தது. வீக்கம் என்று நினைத்தாள். எவன் வீட்டுப் பேண்ட்டிலோ ஒரு தையல் தவறினால் கண்டுபிடிக்கிறவளுக்கு, தான் பெற்ற பிள்ளையின் காலில் இருந்தது தெரியவில்லை. அதில் தேய்க்கவே கூடாது என்று பிறகு யாரோ சொன்னார்கள். தேய்த்ததால் வந்ததில்லை என்று டாக்டர் இரண்டு தடவை விளக்கினார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை.

புருஷன் சந்திரன் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன். முடிவு எடுக்கிற நேரம் வந்தால் எப்போதும் அவனுக்கு ஒரு லோடு இருக்கும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க. நீ எது சொன்னாலும் எனக்கு சரி," என்றான்.

"தலப்பாகையாய்யா அது? பொண்ணோட காலு."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்ததையும் அவள் பார்த்தாள்.

புதன்கிழமை வார்டில் மெதுவாக ஆரம்பித்தாள். "ஸ்டீல் வெச்சா யாருக்கும் தெரியாது சுனி. பொடவை கட்டினா, சுடிதார் போட்டா..."

"யாருக்கும்மா தெரியக் கூடாது?"

வீணாவிடம் பதில் இருந்தது. தெருவுக்கு, சொந்தக்காரர்களுக்கு, நாளைக்குப் பெண் பார்க்க வரப்போகிறவர்களுக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதைச் சொல்லாமல் ஃபிளாஸ்க்கிலிருந்து பாலை ஊற்றினாள்.

"நான் ஷார்ட்ஸ் போடறவமா," என்றாள் சுனிதா. "ஓடாத காலு அழகா இருந்து இன்னா பண்றது?" அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் டாக்டர் ஒரு பையனை அனுப்பிவைத்தார். பெயர் அமல். சந்தாபுராவில் செல்போன் கடையில் வேலை. பதினான்கு வயதில் இதே ஆபரேஷன், இப்போது இருபத்திரண்டு. அவன் நடந்து வந்ததில் வீணாவின் கண்ணுக்கு ஒரு சின்ன இழுப்புதான் தெரிந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பேண்ட்டைச் சுருட்டி, செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்துக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்தான். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாதம் குதிகாலை முன்னால் காட்டிக்கொண்டு நின்றது. வீணா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"தொட்டுப் பாருங்க ஆன்ட்டி. ஒண்ணும் ஆவாது."

தையல் தழும்பைத்தான் முதலில் பார்த்தாள். பழக்கதோஷம். சுற்றிலும் ஒழுங்காகத்தான் இருந்தது. விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தபோது உள்ளங்காலில் நகம் பட்டுவிட்டது. பாதம் வெடுக்கென்று துள்ளியது.

"ஐயோ ஆன்ட்டி, கூசுது!" அமல் நெளிந்து சிரித்தான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "எங்கப்பா கூசுது?"

"கால்லதான். வேற எங்க கூசும்?"

இத்தனை நாளும் அதை வெட்டியது போக மிஞ்சுகிற துண்டு என்றே நினைத்திருந்தாள். இது கால். பின்னால் பார்க்கிறது, அவ்வளவுதான். அவனிடம் டீ குடிக்கிறாயா என்று கேட்டாள். அவன் கடைக்கு நேரமாகிறது என்று காலை மாட்டிக்கொண்டு எழுந்து போனான். லிஃப்ட் வர நேரமாகவே படியில் இறங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டாள். போடும்போது எல்லார் மேலும் கோபம் வந்தது. டாக்டர் மேல், டேங்கர் மேல், அந்த எண்ணெய்க் கிண்ணத்தின் மேல், பயப்படாத மகள் மேலும்கூட.

ஆபரேஷன் பதினொரு மணி நேரம். அதற்குப் பிறகும் மருந்து, ஜூன் வரைக்கும். முதல் தடவை கட்டுப் பிரித்தபோது சுனிதா பார்த்தாள், வீணா சுவரைப் பார்த்தாள். ஓடுவேன் என்று சொன்ன பெண், அன்று சாயங்காலம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "திருப்பாம இருந்திருக்கணுமோம்மா?" என்று கேட்டு அழுதாள். வீணாவும் அழுதாள். ஆகஸ்டில் செயற்கைக் கால் வந்தது. விரலை மேலே இழுத்தால் முட்டி மடங்கும், கீழே அழுத்தினால் நீளும் என்று பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்தாள். சொல்வது சுலபம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி, பிறகு தொப்பென்று விழுவது. ஒரு நாள் ஒன்பது தடவை விழுந்தாள். தெருவில் நடந்து பழகியபோது இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தி உச்சுக் கொட்டினாள். வீணா அவளை முறைத்த முறைப்பில் அந்தப் பக்கம் கதவு சாத்திக்கொண்டது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை நுரையீரல் ஸ்கேன். கேன்சர் அங்கே பரவியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும், இன்னும் வருஷக்கணக்காக. அது நெருங்கினால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லாரும் வேறு எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகல் வீணா நகவெட்டியோடு வந்தாள். பின்பக்கம் இருப்பதால் அந்தக் காலின் நகங்களைச் சுனிதாவால் தானே வெட்டிக்கொள்ள முடியாது, பார்க்கவே முடியாது. பாயில் குப்புறப் படுத்து செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள். முளைத்திருந்த சுருட்டை முடி தலையை மூடியிருந்தது. இடது காலின் உள்ளங்கால் மேலே பார்த்தது. வலது கால், இடது முட்டி இருக்கிற அளவிலேயே முடிந்து, ஐந்து நகங்களையும் மேலே காட்டிக்கொண்டிருந்தது. நகங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள், மருந்து ஏற்றிய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை வளர்ந்திருந்தது.

வீணா காலடியில் உட்கார்ந்து பெருவிரலைப் பிடித்தாள். போனில் கூட்டம் கத்தத் தொடங்கியது. யாரோ பந்தோடு ஓரத்தில் ஓடுகிறாள் போல. பாதம் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு மேலே மடங்கியது.

"ஆடாதடி, சதைய வெட்டிரப் போவுது."

சுனிதாவுக்குக் காதில் விழவில்லை. "அடி, அடி," என்று அவள் போனைப் பார்த்து முணுமுணுத்தாள். மடங்கிய பாதம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ஐந்து விரலும் நீண்டு, வீணாவின் உள்ளங்கையில் ஓங்கி ஓர் உதை விட்டது. நகவெட்டி கைதவறி, தரையில் வழுக்கிக்கொண்டே போய், திறந்திருந்த கதவைத் தாண்டித் தெருவில் விழுந்தது.