மெர்ல் கடை வழியாக

தனி ஆளுக்குத் தனி ஆள் துப்பாக்கி விற்றாலும் போலீஸில் விசாரித்த பிறகுதான் விற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதை எதிர்த்து வீட்டு முன்னால் பலகை நட்டு வைத்தவன் நான். எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் மான் வேட்டைத் துப்பாக்கியைக் கைகுலுக்கித்தான் விற்போம். தெரிந்தவனுக்கு விற்க எவன் அனுமதி வேண்டும்?

கர்டிஸ் தெரிந்தவன். பல வருடங்களாக எங்களோடு ஒரே வேட்டைக் குடிலில் தங்குகிறவன். ஞாயிறு சர்ச் முடிந்ததும் என் பழைய துப்பாக்கியை வாங்க வந்தான். காப்பி எடுக்க அடுக்களைக்குப் போன என்னை என் மனைவி லொரெட்டா நிறுத்தினாள்.

"அவன் பொண்டாட்டி ஜனெல் வீட்டுப் பூட்டையெல்லாம் மாத்திட்டா. மாத்திக் குடுத்ததே என் தம்பிதான். கர்டிஸ் இப்ப எங்க தங்குறான், கேட்டியா?"

"வீட்டுக் கதையெல்லாம் நாங்க கேக்குறதில்ல."

"ஆமா, மானைப் பத்தின்னா மணிக்கணக்கா பேசுவீங்க."

அவள் சொன்னது நிஜம். குடிலுக்குள் குடும்பப் பேச்சு கிடையாது. போன சீசனுக்குக் கர்டிஸ் துப்பாக்கியே இல்லாமல் வந்தான். முழங்கால் வலி என்றான். நாள் முழுக்க எங்களுக்குச் சமைத்துப் போட்டான். நாங்களும் அவனைக் கிண்டல் செய்துகொண்டே வயிறு முட்டத் தின்றோம். மனைவியை அடித்தவனின் துப்பாக்கிகளை நீதிபதி வாங்கி வைப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. அது இப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பயமாக இருந்தது.

காப்பியோடு கூடத்துக்குத் திரும்பினேன். "கர்டிஸ், மெர்லோட துப்பாக்கிக் கடை வழியா எழுதிக்கலாம். அவர் போலீஸுக்கு ஒரு போன் போட்டு விசாரிச்சா முடிஞ்சுது. செலவு என்னுது."

அவன் ஜன்னல் வழியே பார்த்தான். "வெளியில நிக்கிற பலகை உன்னுதா, பக்கத்து வீட்டுக்காரனுதா?"

"என்னுதுதான்."

"அப்புறம் என்னடா வெர்னன்? என்னை நம்பலையா?"

"கடைக்குப் போவோம், வா."

அவன் காப்பியை மிச்சமில்லாமல் குடித்தான், லொரெட்டாவுக்கு நன்றி சொன்னான். "ஊருல விக்க ஆளா இல்ல" என்றபடி வண்டியைக் கிளப்பினான். கோபத்தில் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குடில் நண்பர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து எச்சரித்தேன். கடைசியாகக் கிடைத்த டுவைன் சிரித்தான்.

"என்னடா, கட்சி மாறிட்டியா?"

"கர்டிஸ் வந்தா துப்பாக்கி குடுக்காத. காரணம் அப்புறம் சொல்றேன்."

"இப்பத்தானே என்னோட பழசை வாங்கிட்டுப் போறான். ஒரு பெட்டி தோட்டா சும்மாவே குடுத்தேன். நம்ம கர்டிஸ்டா."

லொரெட்டா தன் போனில் போலீஸை அழைத்தாள். நான் ஜனெலை அழைத்தேன்.

"பிள்ளைங்களக் கிளப்பும்மா. கர்டிஸ் கையில துப்பாக்கி இருக்கு."

அவள் பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"கோர்ட்டுல எல்லாத்தையும் வாங்கி வெச்சிட்டாங்களே," என்றாள். "யாரு குடுத்தது?"

டுவைன் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே என் பலகை நின்றுகொண்டிருந்தது.

"நாங்கதாம்மா," என்றேன். "பின்வாசல்ல நில்லு. நான் வண்டியோட வர்றேன்."