உள்ளங்கையில் ஒரு சொட்டு

பாலை நிறுத்தி ஆறு வாரம் ஆகியும் அலுவலக கேன்டீன் சமையல்காரருக்கு வயிறு அடங்கவில்லை. தூங்கி எழும்போதே உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருந்தது. முழங்கை மடிப்பைச் சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்பது டாக்டரின் சந்தேகம். பால், வெண்ணெய், தயிர் எதையும் தொடாதீர்கள், சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள் என்றிருந்தார். அப்படியும் குறையாவிட்டால் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்குத்தான் அவர் பயந்தார். நாளை மறுநாள் நோட்டோடு போக வேண்டும்.

"திருட்டுத்தனமா ஏதாவது திங்கிறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"உருளைக்கிழங்கத் தின்னு தின்னு நானே உருளைக்கிழங்கு மாதிரி ஆயிட்டேன். கேக்குற கேள்வியப் பாரு."

அவள் நம்பவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கே வந்துவிட்டாள். காய் நறுக்கும் அக்காவின் பக்கத்தில், ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முந்நூறு பேருக்குப் பால் சேர்த்த சூப். அவர் கிளறினார். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். உப்புப் போட்டார், மறுபடியும் நக்கினார். அடுத்த பாத்திரத்தில் வெண்ணெய் போட்ட குழம்பு. அதற்கும் கை நீண்டது.

"இது என்னங்க?"

"எது?"

"இப்ப நக்கினீங்களே, அது. நான் வந்ததுலேர்ந்து பதினோரு தடவ."

"அது ருசி பாக்குறது."

"நோட்ல எழுதினீங்களா?"

"ருசி பாக்குறத எவனாவது சாப்பாடும்பானா?"

அக்கா கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: "நீ சாப்பாடுன்னு சொல்ல மாட்ட தம்பி. வயித்துக்கிட்ட சொல்லி வச்சியா?"

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஈரமான உள்ளங்கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொட்டு அடுப்பைச் சேர்ந்தது, வயிற்றைச் சேர்ந்ததல்ல என்றே நினைத்திருந்தார். குழாய் வேண்டியிருக்காது என்று தோன்றியது. அந்த நிம்மதி முழுதாக வந்து சேர்வதற்குள் சூப் கொதித்துவிட்டது.

"அக்கா, கைய நீட்டுங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் விட்ட சொட்டை நக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"உப்பு?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"இது என்னப்பா கேள்வி? இருக்க வேண்டியது இருக்கு."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போலிருந்தது. கை தானாகக் கரண்டியைத் தேடிப் போனது. மனைவி பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பரிமாறும் ஜன்னலைத் திறந்தார். வரிசையில் முதலில் நின்றவன் கிண்ணத்தை வாங்கிப் போய், போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் குடித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தவள் உப்பு டப்பாவை எடுத்தாள், போடாமல் வைத்துவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் இருந்தார்கள். அடுத்த கிண்ணத்தை நிரப்பினார்.