துரை விட்டுப்போன சிவப்புக் கார்

கோலார் தங்க வயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் காலை ஷிப்ட் ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன், கேஜைச் சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டியவர் ஃபோர்மன் கொர்னேலியஸ். ஆட்களைச் சுமந்து பாதாளத்துக்குப் போகும் அந்தக் கூண்டை அவர் ஒவ்வொரு கொக்கியாகச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்து ஓசை கேட்பார். இரும்புக் கயிற்றைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

"இன்னா ஃபோர்மன், நேத்துதான பாத்தீங்க? சீக்கிரம் வுடுங்க."

"நேத்து பாத்தது நேத்தோட போச்சி. இருங்க."

அவர் தலையசைக்காமல் ஒரு ஆள்கூட பூமிக்குள் போக முடியாது. அப்பேர்ப்பட்டவர்தான், சொந்தமாக ஒரு கார் வாங்கப் போனபோது அதன் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்து, வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுப்போன பியானோ, சோபா, வேட்டை நாய் எல்லாம் கோலார் தங்க வயலில் கைமாறிக்கொண்டிருந்தன. பெங்களூர்த் தரகன் ராஜப்பா ராபர்ட்சன்பேட்டைக்கு ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சீமையிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்கி வைக்கிற கூரை, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. பார்த்தவர்கள் நடையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கொர்னேலியஸ் இளவட்டமாக இருந்தபோது, அப்படி ஒரு காரில்தான் ஒரு துரை கிளப்புக்குப் போவார். அது கிளப்பிய புழுதியைத் தின்றபடி இவர் ஓரம் ஒதுங்கி நின்றிருக்கிறார். இப்போது அதே கிளப்பில் இவரும் உறுப்பினர். அந்த வாசலில் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை அவரை ராத்தூக்கம் இல்லாமல் செய்தது.

மனைவி ஐடா சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வாங்கறதுன்னா வாங்குங்க. ஆனா யாரயாவது இட்டுனு போயி அடில, உள்ள எல்லாம் பாருங்க. நோயாளிய சட்டையோட நிக்க வெச்சி பாத்துட்டா மருந்து குடுக்கறோம்?" என்றாள்.

"துரை வெச்சிருந்த வண்டிடி. அதுல இன்னா கோளாறு இருக்கப் போவுது?"

சலவை செய்த வெள்ளைக் கால்சட்டையோடு ராஜப்பாவின் எதிரில் போய் நின்றார். கார் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றிருந்தது. பானெட்டைத் தொட்டார், சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். ராஜப்பா சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் குனிந்து பார்க்கலாமா என்று தோன்றத்தான் செய்தது. துரை மாதிரி வாங்க வந்தவன் மெக்கானிக் மாதிரி மண்ணில் மண்டி போடுவதா என்று வெட்கம் தடுத்தது. அன்றைக்கே கை குலுக்கி, இத்தனை வருஷம் சேர்த்ததை எல்லாம் கொடுத்து, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிளப் வாசலில் இறங்கிய சந்தோஷம் முதல் மழை வரைக்கும்தான்.

மழை விட்ட ஒரு மாலை, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைட் மணல்மேட்டுப் பக்கமாகத் தனியாக வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஆட்டு மந்தை. பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையைத் தொட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் மணல்மேட்டில் ஏறிப் புதைந்து நின்றது. ஆடுகள் கத்தியபடி சிதறின.

அதன் பிறகுதான் குனிந்து பார்த்தார். காலடிக் கம்பளத்தைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி, தகடு துருவேறி உளுத்திருந்தது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. அன்று சுவரை ஒட்டி நின்ற வலப்பக்கத்து டயர் மட்டும் தேய்ந்திருந்தது. சட்டத்தில் பொறித்திருந்த எண்ணும் காகிதத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு. வண்டிக்கு நடுவே, சிவப்புப் பெயிண்டுக்கு அடியில், தழும்பு மாதிரி ஒரு வெல்டிங் கோடு ஓடியது. எங்கேயோ நொறுங்கிய இரண்டு கார்களில் ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டின் மேல் உராய்ந்து உராய்ந்து பிரேக் குழாய் ஓட்டை விழுந்திருந்தது. சூடான பானெட்டுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. குளிர்ந்திருந்தால் சண்டித்தனம் செய்யும் இன்ஜினை, இவர் வருவதற்கு முன்பே ராஜப்பா ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான்.

பெங்களூரில் ராஜப்பா சொன்ன விலாசத்தில் ஒரு பூட்டிய கிடங்குதான் இருந்தது. அந்தக் குழாயும் மற்ற சாமான்களும் சீமையிலிருந்துதான் வர வேண்டும். வந்தாலும் ஒட்டிய சட்டத்தை யாராலும் சரி செய்ய முடியாது. இதை யாரிடம் சொல்வது? கேஜ் சோதிக்கிற ஃபோர்மன் குருடனாகக் கார் வாங்கினான் என்று ஊர் சிரிக்காதா? ஐடாவிடமும் அவர் சொல்லவில்லை. மெல்ல மெல்ல ஒரு கெட்ட எண்ணம் அவருக்குள் குடியேறியது. ஏமாந்தது நான் மட்டும்தானா இருக்கணும்?

ஓட்டைக் குழாயை ஈயம் வைத்து அடைத்தார். மெதுவாக மிதித்தால் பிடிக்கும். ஓங்கி மிதித்தால் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கே தெரியாது. புதுக் கம்பளம் விரித்தார். தேய்ந்த டயர் கண்ணில் படாதபடி காரை வேலியோரமாக நிறுத்தினார்.

வாங்க வந்தவன் அப்பாதுரை. அதே சுரங்கத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை. குடும்பத்தில் முதல் படிப்பு, முதல் நல்ல சம்பளம். அவனுக்கும் அந்தச் சிவப்பின் மேல் கண். அவன் வருவதற்கு முன்பே கொர்னேலியஸ் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருந்தார். ராஜப்பா செய்ததையே தானும் செய்கிறோம் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை.

அப்பாதுரை காரைச் சுற்றி வந்தான். வேலியோரமும் வந்தான். அவன் டயரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தான், இடைவெளியைக் கவனிக்கவில்லை. கம்பளத்தின் மேல் கையை வைத்தான். தூக்கிவிடுவானோ? இல்லை, மெத்தென்று இருக்கிறதே என்று தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

"பிரேக்கு, கிரேக்கு எல்லாம் நல்லாக் கீதா அண்ணே?"

"நான் தெனம் ஓட்டறேன்ல?" என்றார் கொர்னேலியஸ். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அப்பாதுரை சிரித்தான். "சும்மா கேட்டேன். நீங்க சரின்னு சொன்னா நாங்க சுரங்க ஷாஃப்ட்டுலயே எறங்கறோம். இந்தக் காருக்கு இன்னா பாக்கப் போறேன்?"

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. கொர்னேலியஸ் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். தெருவில் ஹாரன் சத்தம். ஐடா ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

"அப்பாதுரைதான். பொண்டாட்டி கண்மணியயும் கைக்கொழந்தயயும் உக்கார வெச்சிக்கினு பங்காருப்பேட்டை போறான், மாமியார் ஊட்டுக்கு. அந்தப் பொண்ணு மூஞ்சில எவ்ளோ சந்தோசம் பாருங்க!"

கத்தி அவர் தாடையைக் கீறியது. வழியில் கோரமண்டல் ரயில்வே கேட் இருக்கிறது. கேட்டை நோக்கி இறங்குகிற சரிவு இருக்கிறது. அங்கே எல்லாரும் பிரேக்கை ஓங்கித்தான் மிதிப்பார்கள்.

"ஐடா, அந்த வண்டிக்கு பிரேக் தாங்காது."

அவள் திரும்பினாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேதான் வித்தீங்களா? அதுல கொழந்த கீதே, சாமி!" ஐடா அலறினாள். "நிக்காதீங்க, போங்க!"

பாதி முகம் சோப்பு நுரையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். பெட்ரோல் பங்கில் சிவப்பு தெரிந்தது. நெருங்குவதற்குள் புறப்பட்டுப் போனது. கத்தினார், இன்ஜின் உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை. மிதித்தார். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கோரமண்டல் சரிவின் உச்சிக்கு வந்தபோது கீழே கேட் மூடியிருப்பது தெரிந்தது. கேட்டுக்குச் சற்று மேலே, காத்திருக்கும் ஆட்களுக்கு நடுவில், கார் நின்றுகொண்டிருந்தது. எப்படியோ நின்றிருந்தது.

"எறங்கு! கண்மணி, கொழந்தயத் தூக்கினு எறங்கும்மா!"

ரத்தமும் நுரையுமாக வந்து நின்றவரைப் பார்த்து கண்மணி மிரண்டுபோய் இறங்கினாள். அப்பாதுரை உள்ளேயே உட்கார்ந்து சிரித்தான். "இன்னாண்ணே ஆச்சி?"

"பிரேக்கு போயிடும்டா, எறங்கு!"

"நல்லாக் கீதுண்ணே. இதோ பாரு, கல்லு மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே அவன் ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

ஈயம் பிய்த்துக்கொண்டது. கார் நகர்ந்தது. அப்பாதுரை கைப்பிரேக்கை இழுத்தான், அது கையோடு வந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. கண்மணி வீறிட்டாள். காத்திருந்தவர்கள் பாய்ந்து காரின் பின்பக்கத்தைப் பற்றினார்கள். அவர்களுடைய செருப்புகள் சரளையில் தேய, கார் அவர்களையும் இழுத்துக்கொண்டு கேட்டை நோக்கி இறங்கியது. கொர்னேலியஸ் முன்னால் ஓடி, தன் சைக்கிளை முன்சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். சைக்கிள் நெளிந்து நொறுங்கியது. காரின் மூக்கு கேட் குறுக்குக்கம்பியை முட்டி வளைத்து நின்றது. அடுத்த மூச்சில் ரயில் அவர்கள் முகத்தில் காற்றை அறைந்தபடி கடந்து போனது.

அப்பாதுரை தள்ளாடி இறங்கி வந்து கொர்னேலியஸைக் கட்டிக்கொண்டான். "எங்க மூணு உசுரயும் காப்பாத்திட்டியே அண்ணே! உனக்கு எப்டிண்ணே தெரிஞ்சிது?"

சுற்றி நின்றவர்களும் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். "இப்பதான் தெரிஞ்சிது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும். நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. எதிரே கண்மணி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"விக்கறப்பவே தெரியும்" என்றார் கொர்னேலியஸ்.

அப்பாதுரையின் கைகள் அவரை விட்டன.

"ரெண்டு காரை வெட்டி ஒட்டின வண்டி இது. என்னை ஒருத்தன் ஏமாத்தினான். நான் உன்னை ஏமாத்தினேன். பிரேக்குக்கு ஈயம் வெச்சி அடைச்சது நான்தான். உன் பணம் இன்னிக்கே உன் கைக்கு வரும். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். அப்பாதுரை கையை ஓங்கினான், பாதியில் இறக்கிக்கொண்டான். கண்மணிதான் பேசினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"காரைப் பாத்து வாங்கலன்னா அது எங்க முட்டாத்தனம். ஆனா இவரு காரைப் பாக்கல, அண்ணே. உங்களத்தான் பாத்தாரு. அது முட்டாத்தனமா?"

கொர்னேலியஸ் தலை குனிந்தார். பெற்ற தகப்பன் இறந்த அன்று அழாதவர், நடுரோட்டில் நின்று அழுதார்.

கேட் திறந்தது. கூட்டம் கலைந்தது. கண்மணி குழந்தையோடு நடந்தே திரும்பிப் போனாள், அப்பாதுரை அவள் பின்னால் போனான். பக்கத்தில் நின்றிருந்த ஒரு லாரிக்காரன் காரின் சிவப்பை ஆசையோடு தடவினான்.

"போனா போவுது ஃபோர்மன். முன்னாடி கொஞ்சந்தான் நசுங்கிக் கீது. தட்டி, பெயிண்ட் அடிச்சா, மெட்ராஸ்ல ஒரு பணக்காரன் தலைல கட்டிடலாம். நம்ம ஊரு ஆளுக்குக் குடுத்தாத்தான தப்பு? நான் ஆள் பாக்கட்டா?"

கொர்னேலியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"வேணாம்பா. ஒர்க்‌ஷாப்புல வெட்டி இரும்பாக்கி எடைக்குப் போடப் போறேன். மெட்ராஸ்காரனுக்கும் ஊட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கும்" என்றார். "வாங்கறவன் வெக்கப்படாம குனிஞ்சி பாக்கணும். உள்ள தொறக்கணும், அடில படுத்துப் பாக்கணும், காலைல குளுந்த இன்ஜின ஓட்டிப் பாக்கணும். நான் அத்த செய்யல. என் பணம் போச்சி, அதோட முடிஞ்சிது. ஆனா விக்கறவன் தெரிஞ்சத மறைச்சான்னா, அது வியாபாரம் இல்லப்பா, கொலை. ஏமாந்தவன் அவமானத்த முழுங்கிட்டு, அடுத்தவன் தலைல கட்டாம அங்கியே நின்னுடணும். நின்னாத்தான் அந்த ஏமாத்து அவனோட சாவும்."